ஒரு கிண்ணம் தயிர்சோறு

அத்தியாயம் 12

வியாழக்கிழமை விடிந்ததும் ஜெசி வழக்கம்போலக் கட்டிலுக்குக் கீழே கையை நீட்டினாள். கை வெறுந்தரையைத் தடவியது.

பிஸ்கட்டைக் காணோம்.

ஆறு வருஷத்தில் இப்படி ஒரு காலை வந்ததில்லை. அவள் தட்டிக்கொடுத்த பிறகுதான் அந்த நாய் எழுந்திருக்கும். சோம்பல் முறிக்கும். அவள் காலடியிலேயே கொல்லைப்பக்கம் வரும். தூக்கம் சட்டென்று கலைந்தது. நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் தங்கை கணவன் சார்லஸின் வெள்ளை மாருதி நின்றிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே தங்கை ஃப்ளோரா, கையில் டீ டம்ளரோடு. அவள் மடியில் தலையை வைத்துக் காலைப் பரப்பிப் படுத்திருந்தது பிஸ்கட்.

"சத்தம் போடாதக்கா," என்றாள் ஃப்ளோரா ரகசியக் குரலில். முகமெல்லாம் பூரிப்பு. "நான் கூப்புடவே இல்ல. டீ குடிக்கலாம்னு வந்து ஒக்காந்தேன். அதுவாவே வந்து ஏறிக்கிச்சு!"

பிஸ்கட் ஜெசியைப் பார்த்து வாலை இரண்டு தடவை ஆட்டியது. எழுந்திருக்கவில்லை.

"நல்லதுதான," என்றாள் ஜெசி. சொல்லிவிட்டு வேகமாக உள்ளே வந்து, எரியாத அடுப்பின் முன்னால் நின்றாள். அடுப்பைப் பற்றவைக்காமலே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

நல்லதுதான். இதற்காகத்தானே ஒன்பது நாளாக இத்தனை பாடு.

ஜெசிக்குக் கல்யாணம். முப்பத்தேழு வயதில். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை காஸ்பர் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். மனைவியை இழந்து நாலு வருஷம் ஆகிறது. ஏழு வயதில் ஒரு பெண், ஷைனி. அந்தக் குழந்தையை மூன்று வயதில் ஒரு தெருநாய் கன்னத்தில் கடித்து, ஐந்து தையல் போட்டார்கள். இப்போதும் எங்கேயாவது நாய் குரைத்தால் அலறிக்கொண்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளுமாம்.

ஆக, பிஸ்கட் திருச்சிக்குப் போக முடியாது.

"நான் எடுத்துக்கிறேன்க்கா," என்று ஃப்ளோரா பாண்டியிலிருந்து போனில் சொன்னபோது ஜெசிக்கு உயிர் வந்தது. ஃப்ளோராவின் கணவன் சார்லஸுக்குப் பாண்டியில் டைல்ஸ் கடை. சொந்த வீடு, சுற்றிலும் காலி இடம். நாய்க்கு அதைவிட என்ன வேண்டும்?

சிக்கல் காரில்தான் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் பிஸ்கட்டுக்குக் கால் முறிந்தபோது, ஜெசி வேலை பார்க்கிற கம்பெனியின் லோடு வண்டியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கட்டிப்போட்டுக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பெட்டிகள் அதன் மேலேயே சரிந்தன. அன்றிலிருந்து வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும்.

பக்கத்துத் தெருவில் மாணிக்கவேல் இருந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் வழி சொன்னார்.

"இழுத்துப் போட்டு அடைக்காதீங்க. ஒரு தடவ இழுத்தா ஆயுசுக்கும் ஏறாது. மொதல்ல கதவத் தொறந்து போட்டு வண்டிய சும்மா நிறுத்துங்க. அது படுக்கிற சாக்க உள்ள விரிங்க. சாப்பாட்ட உள்ள வையுங்க. பழகுனதும் எஞ்சின மட்டும் போடுங்க. அப்புறம் தெருமுனை. அப்புறம் பாலம். முக்கியமா ஒண்ணு. ஓட்டிக்கிட்டுப் போற அன்னிக்கு நாலு மணி நேரத்துக்கு முன்னாலேர்ந்து வயித்துல ஒரு பருக்கை இருக்கக் கூடாது. வாந்தி எடுத்துச்சுன்னா பயந்துரும். செஞ்சது எல்லாம் வீணு."

அப்படியேதான் செய்தார்கள். ஃப்ளோராவும் சார்லஸும் கல்யாண வேலைக்கென்று போன வாரமே வந்துவிட்டார்கள். முதல் மூன்று நாளும் ஜெசி உள்ளே உட்கார்ந்தால்தான் பிஸ்கட் ஏறியது. நாலாம் நாள் ஃப்ளோராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் ஜெசி வேலைக்குப் போயிருந்தபோது ஃப்ளோரா மட்டும் அதை வைத்துக்கொண்டு பாலம் வரைக்கும் போய் வந்துவிட்டாள்.

இன்று ஒன்பதாம் நாள். கூப்பிடாமலே ஏறியிருக்கிறது.

ஜெசிக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் பேக்கிங் வேலை. கப்பு, சாசர்களுக்கு நடுவே வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அந்த வைக்கோல் போருக்குள்தான் ஒரு மழைநாளில் இந்தக் குட்டி கிடந்தது. ஒரு சூடு மட்டும் கண்டு, இன்னும் பளபளப்பு ஏற்றாத கப்பை அங்கே பிஸ்கட் என்பார்கள். அதே மங்கிய நிறம். அதனால் அந்தப் பெயர். அம்மா இறந்தபிறகு இந்த வீட்டில் இருந்தது அவளும் அதுவும்தான்.

அவளைத் தேடி வந்தது, ஃப்ளோராவோடு போகப்போகிறது.

இது ஒன்றும் புதிதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக்குச் சார்லஸ் பெண் பார்க்க வந்தது ஜெசியைத்தான். காபி கொண்டுபோய்க் கொடுத்ததும் ஜெசிதான். இரண்டு நாள் கழித்து, "சின்னப் பொண்ணக் குடுப்பீங்களா?" என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். அம்மா தவித்தாள். "குடும்மா, எனக்கு ஒண்ணும் இல்ல," என்று சொன்னவளும் ஜெசியேதான். அன்றிலிருந்து இன்றுவரை சார்லஸை அவள் எந்த உறவுமுறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

இப்போது வந்திருக்கிற காஸ்பர் சம்பந்தமும் ஃப்ளோரா பார்த்துக் கொடுத்ததுதான். எடுத்துக்கொள்வதும் அவள். கொடுப்பதும் அவள்.

ஃப்ளோரா பிஸ்கட்டையும் காரிலிருந்து இறக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "அக்கா, காலையில எதுவும் போட்டுறாத. பத்து மணிக்கு பெண்ணாடம் வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாம். இன்னிக்கு நல்லா வந்துச்சுன்னா சனிக்கெழம பாண்டிக்குத் தைரியமா கூட்டிப் போவலாம்."

"தெரியும். ஒம்பது நாளா நானுந்தான இருக்குறேன்."

ஃப்ளோரா ஒரு நொடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். சார்லஸ் பெட்ரோல் போட்டு வருவதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் ஜெசியும் பிஸ்கட்டும் மட்டும்.

அது அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. எட்டு மணிக்கு அவள் சாப்பாடு வைக்கிற வழக்கம்.

"இப்ப மட்டும் நான் வேணுமா ஒனக்கு?" என்றாள் ஜெசி.

வால் தரையைத் தட்டியது.

அவள் பழைய சோற்றுப் பானையைத் திறந்தாள். தான் செய்யப்போவது என்ன என்று தெரியாமல் செய்தாள் என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரிந்தது. கை ஒரு தடவை நின்றது. குளியலறையில் ஃப்ளோரா ஏதோ ஒரு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தண்ணீர் மொண்டு ஊற்றுவது கேட்டது. எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்!

ஜெசி சோற்றைப் பிசைந்தாள். தயிர் ஊற்றினாள். அதற்குப் பிடிக்குமே என்று ஒரு துண்டு கருவாட்டையும் உதிர்த்துப் போட்டாள். கிண்ணம் நிறைய.

பிஸ்கட் அதை நாலு வாயில் முடித்துவிட்டு அவள் கையையும் நக்கியது. அந்த நாக்கின் வெதுவெதுப்பில் அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கிண்ணத்தை அவசரமாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

* * *

சார்லஸ் ஓட்டினான். ஜெசி முன்சீட்டில். பின்னால் ஃப்ளோரா, பக்கத்தில் சாக்கின் மேல் பிஸ்கட். கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கியிருந்தார்கள்.

பாலம் தாண்டும்வரைக்கும் குறையில்லை. அது மூக்கை ஜன்னலுக்கு நேரே நீட்டிக் காற்றை முகர்ந்தது.

"பாருங்களேன், ராஜா மாதிரி வர்றத!" என்று சிரித்தாள் ஃப்ளோரா.

"பாண்டியில பீச்சுக்குக் கூட்டிப் போனா வுடவே வுடாது போலருக்கு," என்றான் சார்லஸ்.

பீச்சு! ஜெசி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். மணலில் ஃப்ளோரா ஓட, பின்னால் பிஸ்கட் ஓடுகிற காட்சி அவள் கேட்காமலே கண்முன் வந்து நின்றது.

கரும்பு வெட்டுகிற பருவம். பெண்ணாடம் ரோடு முழுக்க ஆலைக்குப் போகிற டிராக்டர்கள். ஒவ்வொன்றுக்கும் சார்லஸ் பிரேக் போட வேண்டியிருந்தது. ஊரைவிட்டு ஐந்து கிலோமீட்டர் வந்திருப்பார்கள். பின்னால் ஒரு விக்கல் சத்தம்.

"பிஸ்கட்டு? இன்னாடா?"

அதன் வாயோரம் எச்சில் கோடாக வழிந்தது. வயிறு சுருங்கிச் சுருங்கி விரிந்தது. கால்கள் நடுங்கின.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்று ஃப்ளோரா கத்தி முடிப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் புடவையில், சாக்கில், சீட்டில்.

சார்லஸ் சடாரென்று ஓரம் கட்டினான். அதே நேரம் கரும்பு டிராக்டர் ஒன்று காது கிழிய ஆரன் அடித்துக்கொண்டு உரசுவதுபோல் போனது. பிஸ்கட் ஊளையிட்டது. ஃப்ளோரா கதவைத் திறந்ததுதான் தாமதம், அவள் மேலேயே ஏறிக் குதித்து, பள்ளத்தைத் தாண்டிக் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்து மறைந்தது.

"பிஸ்கட்டூ!"

அக்காவும் தங்கையும் ஒரே குரலில் அலறினார்கள்.

ஃப்ளோரா யோசிக்கவே இல்லை. செருப்பை உதறினாள். வாந்தி நனைத்த புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கரும்புக்குள் நுழைந்தாள். தோகைகள் சரசரக்கும் சத்தம் உள்ளே உள்ளே போய்த் தேய்ந்தது.

ஜெசியும் இறங்கி ஓடினாள், ஆனால் கரும்புக்குள் நுழைய முடியவில்லை. வரப்பில் நின்று கத்தினாள். ஆளுயரத்துக்கு மேலே நின்ற கரும்பு அவள் குரலை வாங்கி விழுங்கிக்கொண்டது. உள்ளே பாம்பு இருக்கும். கிணறு இருக்கும். அந்தப் பக்கமாக ஓடி மறுபடி ரோட்டில் ஏறினால் டிராக்டர் இருக்கிறது.

மாதாவே, அதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. நான் போட்ட சோறு. நான் போட்ட சோறு.

கால் மணி நேரமா, அரை மணி நேரமா, அவளுக்குத் தெரியாது. சற்று தள்ளி ஒரு வாய்க்கால் ஓரத்தில் தோகை அசைந்தது. உடம்பெல்லாம் சேறாக, வாலை ஒடுக்கிக்கொண்டு பிஸ்கட் வெளியே வந்தது. நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. அதற்குப் பின்னாலேயே, கரும்புக்குள்ளிருந்து ஃப்ளோராவின் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. முன்னால் ஜெசி.

பிஸ்கட் ஜெசியிடம் ஓடி வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்ட அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது.

ஜெயித்துவிட்டாள். இதைத்தானே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்? அதன் இதயம் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

ஃப்ளோரா வெளியே வந்தாள். கையிலும் கழுத்திலும் தோகை அறுத்த கோடுகள். சிலவற்றில் ரத்தம் பொட்டுப் பொட்டாக அரும்பியிருந்தது. நாய் அக்காவின் மடியில் இருப்பதைப் பார்த்தாள்.

"கெடச்சிடுச்சா! அது போதும்," என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சார்லஸ் காரின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது. "இது இன்னா? சோறு! கருவாடு! முழுசு முழுசா கெடக்குது. நாலு மணி நேரம் வெறும் வயிறுன்னு அந்த மனுஷன் தலையால அடிச்சிக்கிட்டாரே. யார் போட்டது?"

ஜெசி பிஸ்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றாள் ஃப்ளோரா.

"நீயா?"

"பசியோட பாத்துது. கொஞ்சமாத்தான் வச்சேன். மறந்து போச்சு."

"ஒனக்கு அறிவு இருக்குதா? ஒம்பது நாள் வேல! இனிமே அது கார்ல கால வைக்குமா?" சார்லஸ் நடுரோட்டில் மனைவியைத் திட்டித் தீர்த்தான். ஃப்ளோரா தலை குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டாள். அக்காவின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவன் சொன்னதுபோலத்தான் ஆனது. கார்ப்பக்கம் கொண்டுபோனாலே பிஸ்கட் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. கடைசியில் சார்லஸ் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அக்காவும் தங்கையும் நாயை நடத்திக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினார்கள்.

* * *

ஐந்து கிலோமீட்டர். மாசி வெயில் உச்சியில் ஏறியிருந்தது. இரண்டு டிராக்டர் அவர்களைக் கடந்துபோயின.

"எதுக்குடி பொய் சொன்ன?" என்றாள் ஜெசி.

"அவுருகிட்ட நீ திட்டு வாங்கக் கூடாது. அதான்."

"எனக்கு ஒன் தயவு ஒண்ணும் வேணாம்." குரல் அவளை மீறி உயர்ந்தது. "எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. நல்லவளுன்ற பேர மட்டும் எதுக்கு பாக்கி வுடணும்? அதையும் நீயே வச்சிக்க!"

ஃப்ளோரா நின்றுவிட்டாள். "எல்லாத்தையும்னா? சொல்லு. இன்னா இருக்குது என்கிட்ட?"

"வூடு இருக்குது. காரு இருக்குது. புருஷன்…" ஜெசி நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லிடுக்கா. பத்து வருஷமா நீ சொல்லாம வச்சிருக்கறது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நான் வரும்போது நீ வேண்டாவெறுப்பா எடுத்துக் குடுக்குற புடவையிலயே அது இருக்குமே. அப்ப எனக்கு இருவது வயசு. அவுங்க கேட்டாங்க, நீ சரின்ன, அம்மா சரின்னாங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல."

பிஸ்கட் இருவருக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க," என்றாள் ஃப்ளோரா. குரல் தணிந்திருந்தது. "காஸ்பர் விஷயத்த இவுரு வந்து சொன்ன அன்னிக்கு அந்தப் பொண்ணு போட்டோவையும் காட்டுனாரு. முன்பல்லு ரெண்டும் வுழுந்துபோய் சிரிக்குது. ஒனக்கு உடனே போன் பண்ணி இருக்கணும் நான். நாலு நாள் பண்ணல. ஏன் தெரியுமா? வயிறு எரிஞ்சுது. பாண்டியில நான் பாக்காத டாக்டர் கெடையாது, ஏறாத கோயில் கெடையாது. இவளுக்கு நோவாம கொள்ளாம ஏழு வயசுல ஒரு புள்ளையான்னு… கூடப் பொறந்தவளுக்கு நல்லது வரும்போது எரியிற வயிறு அது. கோயிலுக்குப் போய் சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் ஒனக்கு போன் பண்ணேன்."

ஜெசி குனிந்து பிஸ்கட்டின் முதுகில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள்.

"ஒனக்கு ஒரு புள்ள கெடைக்குது. எனக்கு ஒரு நாய். அதுக்கும் மனசு வரல இல்ல ஒனக்கு?"

சொல்லிவிட்டு ஃப்ளோரா முன்னால் நடந்தாள். அறுபட்ட கழுத்தில் வியர்வை பட்டு எரிந்திருக்க வேண்டும். முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே போனாள்.

ஜெசிக்கு அவமானத்தில் காது மடல் கொதித்தது. கூடவே, அந்த அவமானத்துக்கு அடியில், ஒப்புக்கொள்ளவே கூசுகிற ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அதுவும் இவள்!

இப்படியும் ஒரு மனசா என்று தன்னையே வெறுத்துக்கொண்டு நடந்தாள்.

* * *

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பின்சீட்டைக் காயவைத்துக்கொண்டிருந்த சார்லஸிடம் போனாள்.

"சோறு போட்டது நான். அவ இல்ல."

சார்லஸ் ஈரத்துணியோடு நிமிர்ந்தான். "மறந்துட்டீங்களா அண்ணி?"

"மறக்கல. தெரிஞ்சுதான் போட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உள்ளே மஞ்சளைக் குழைத்துக் கழுத்தில் பூசிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு ஃப்ளோராவிடம் போனான். அவள் கையிலிருந்த மஞ்சளை வாங்கி, அவள் கைக்கு எட்டாத இடத்தில் தடவிவிட்டான்.

அந்தக் காட்சியைப் பார்க்காமல் ஜெசி திரும்பிக்கொண்டாள். இன்றைக்கு அவளுக்கு அதைக் குறை சொல்ல உரிமை இல்லை. ஆனாலும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மாணிக்கவேல் வந்தார். நடந்ததைக் கேட்டார். கட்டிலுக்கடியில் குனிந்து பிஸ்கட்டைப் பார்த்தார்.

"சனிக்கெழமைக்குள்ள ஆவுமா?" என்று ஃப்ளோரா கேட்டாள்.

"மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிங்க. கதவத் தொறந்து வச்சு, சாக்கு போட்டு. இவ்வளவு தூரம் பழகுனது வேகமா திரும்பிக்கும். வுட்டுப் போவாது." பிறகு ஜெசியைப் பார்த்தார். "ஆனா நீ கிட்ட இருக்கக் கூடாதும்மா."

"ஏன் சார்?"

"நீ இருந்தா அது வண்டியப் பாக்கல, ஒன் மூஞ்சியத்தான் பாக்குது. நீ கலங்குனா ஏதோ கெட்டது நடக்கப் போவுதுன்னு நெனச்சுக்குது. நாயி பொய்க்கு ஏமாறாது. தங்கச்சிகிட்ட வுட்டுட்டு நீ உள்ள போய் ஒன் வேலயப் பாரு."

அவர் சொன்னது நாயைப் பற்றித்தான். ஜெசி சாக்கைத் துவைத்துக் காயவைத்து, மறுநாள் சாயங்காலம் அவளே கொண்டுபோய்ப் பின்சீட்டில் விரித்தாள். மேலே தன் பழைய துண்டு ஒன்றையும் போட்டாள்.

"வாசம் இருந்தா படுக்கும்," என்றாள் தங்கையிடம். "இடது காது பின்னால சொறிஞ்சு குடு. அங்கதான் அதுக்குப் புடிக்கும். வலது காதத் தொடாத."

"சரிக்கா."

"கூப்புடும்போது பிஸ்கட்டுன்னு இழுக்காத. ரெண்டு தடவ நாக்க சொடக்கு. வரும்."

அவ்வளவும் ஆறு வருஷமாக அவள் மட்டுமே அறிந்து வைத்திருந்தவை. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டினாள். வெளியே நாக்குச் சொடக்குகிற சத்தம். ஒரு முறை. இரண்டு முறை. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கார் ஸ்பிரிங்கின் லேசான கிறீச். எஞ்சின் உறுமியது. இப்போது ஊளையிடும், இப்போது குதித்து ஓடிவந்து கதவைப் பிறாண்டும் என்று விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

பிறாண்டவில்லை. கார் மெதுவாக நகர்ந்து தெருவில் இறங்கியது.

அப்போது கூடத்தில் டெலிபோன் அடித்தது.

"ஹலோ… ஜெசி ஆன்ட்டியா?"

"ஆமா. யாரு, ஷைனியா? அப்பா எங்கம்மா?"

"அப்பா கடைக்குப் போயிருக்காங்க. டைரியில நம்பர் பாத்து நானே போட்டேன்." குரல் தடுமாறியது. "ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"எங்கம்மா போட்டோவ எடுக்கச் சொன்னது நீங்களா?"

ஜெசிக்குப் புரியவில்லை. "எந்த போட்டோ?"

"ஹால்ல இருந்துச்சு. சின்ன பல்பு எரியும். நேத்து அப்பா கழட்டி பீரோவுக்குள்ள வச்சிட்டாங்க. நீங்க வந்தா உங்களுக்குப் பிடிக்காதுன்னு அத்தை சொன்னாங்க. பீரோவுக்குள்ள இருட்டா இருக்கும்ல?"

ஜெசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் இன்னும் திருச்சி வீட்டு வாசப்படியை மிதிக்கவே இல்லை. அதற்குள் ஒரு குழந்தையிடமிருந்து ஒன்றை எடுத்தவளாகிவிட்டாள்.

"நான் சொல்லலடா கண்ணு."

"பெரியவங்க எல்லாம் அப்படித்தான் சொல்வாங்க."

"சரி, நான் சொல்றத அப்படியே அப்பாகிட்ட சொல்லு. அந்த போட்டோவ இருந்த எடத்துலயே மறுபடி மாட்டணும். பல்பும் எரியணும். மாட்டலன்னா நான் அந்த வூட்டுக்கு வரமாட்டேன்னு சொன்னேன்னு சொல்லு."

"நிஜமா வரமாட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்தது பயமா ஆசையா என்று ஜெசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "மாட்டலன்னா நிஜமா வரமாட்டேன்."

அங்கே கேட் திறக்கிற சத்தம். "அப்பா வந்துட்டாங்க!" ரிசீவர் மேஜை மேல் தடாலென்று விழுந்தது. சின்னக் கால்கள் ஓடின. தூரத்தில் கீச்சுக் குரல்: "அப்பா! ஜெசி ஆன்ட்டி வரமாட்டாங்களாம்! நிஜமா வரமாட்டாங்களாம்!"

"ஷைனி! முழுசா சொல்லும்மா! ஷைனி!"

வாசலில் கார் ஆரன் அடித்தது. "அக்கா! ஓடியா, வந்து பாரு!" ஃப்ளோராவின் குரல் ஆனந்தத்தில் கிழிந்தது. "தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துட்டோம்! இறங்கவே மாட்டேங்குது!"

திருச்சியில் யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"ஜெசி…" காஸ்பரின் குரல் இப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. "என்னங்க இது? குழந்தைகிட்ட என்ன சொன்னீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் குரலுக்குப் பின்னால், அந்த வீட்டுக் கூடத்தில், ஷைனி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்திருந்தாள்.